ஆஸ்திரேலியாவை நடுங்க வைத்தவர் மிட்டாய்க் கடை நடத்தியது ஏன்? யார் இந்த ஹெரால்ட் லார்வுட்?

ஒரு காட்சியை நினைச்சுப் பாருங்க. 1948ஆம் ஆண்டு. வட இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊர். அங்கே ஒரு சின்ன மிட்டாய்க் கடை. போர் முடிஞ்சு மூணு வருஷம் ஆகியும் இங்கிலாந்தில் மிட்டாய்க்கு இன்னும் ரேஷன். கல்லாவில் நிற்பவர் நாற்பதைத் தாண்டியவர், அப்படி ஒன்றும் உயரமில்லை. பிள்ளைகளுக்கு மிட்டாயை நிறுத்துக் கொடுக்கிறார். கடைப் பலகையில் அவர் பெயர் இல்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை.

அந்தக் கடையைத் தேடி ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் வருகிறார். பெயர் ஜாக் ஃபிங்கிள்டன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கடைக்காரர் எறிந்த பந்துகளை உடம்பெல்லாம் வாங்கியவர் அவர். அடிலெய்ட் ஆட்டத்தில் இரண்டு இன்னிங்சிலும் பூஜ்ஜியம். அதில் ஒன்று இந்தக் கடைக்காரர் பந்தில் ஸ்டம்பு பறந்து போனது.

கடைக்காரர் பெயர் ஹெரால்ட் லார்வுட். உலகத்திலேயே வேகமான பந்துவீச்சாளர் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவர். ஒரே ஒரு கிரிக்கெட் தொடரால் இரண்டு நாடுகள் அரசாங்க அளவில் முறைத்துக்கொள்ளும் நிலை வந்ததே, அதன் நடுவில் நின்றவரும் அவர்தான்.

இவர் கதையை ஈப்போவில் உட்கார்ந்து ஏன் படிக்கணும்னு நீங்க கேட்கலாம். சொல்றேன்.

எங்க தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பள்ளி விடுமுறைக்கு நாங்க அங்கேதான் போவோம். தோட்டத்துத் திடலில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் நடக்கும். அங்கே பந்து போட ஒரு மாமா வருவார். அவர் ஓடி வர ஆரம்பிச்சாலே மட்டையைப் போட்டுட்டு ஓடலாமான்னு இருக்கும். டென்னிஸ் பந்துதானே என்று நினைக்காதீங்க. தொடையில் பட்டால் சாயங்காலம் வரை சிவந்திருக்கும். சிரிக்கவே மாட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு, தோட்டம் எல்லாம் தாமான் ஆகிப் போன பிறகு, ஈப்போவில் ஒரு கட்டடத்து வாசலில் அவரைப் பார்த்தேன். ஜாகா வேலை. கதவைத் திறந்து விட்டுட்டு, தாத்தா நல்லா இருக்காரா, சாப்பிட்டியா என்று கேட்டார். எனக்கு அப்பவும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

லார்வுட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மாமா ஞாபகம் வருகிறார். பயம் மட்டும் காரணமில்லை. முதலாளி சொல்லி வேலையைச் செய்தவன் மேலேயே கடைசியில் பழி விழுவது என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவங்களுக்குப் புதுக் கதை இல்லை. லார்வுட் கதை அதுதான்.

சுரங்கத்திலிருந்து திடலுக்கு

1904 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையரில் நன்கார்கேட் என்ற சிற்றூரில் லார்வுட் பிறந்தார். ஊர் முழுக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அப்பாவும் சுரங்கக்காரர். நம்ம கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தைச் சுற்றி ஊர்கள் முளைத்தது போல, அங்கே நிலக்கரியைச் சுற்றி முளைத்த ஊர்.

13 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். முதல் வேலை, பூமிக்கு அடியில் கரி வண்டி இழுக்கும் குட்டைக் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது. சூரியனைப் பார்க்காத வேலை. தோளும் முதுகும் இரும்பாக இறுகியது அங்கேதான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

1923இல் நாட்டிங்ஹாம்ஷையர் அணியின் தேர்வுக்குப் போனார். வாரத்துக்கு 32 ஷில்லிங் சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே மாவட்ட அணியில் முதல் ஆட்டம். 1926இல், 21 வயதில், லார்ட்ஸ் திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் இடம்.

உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்துக்குள்தான். இன்றைய வேகப்பந்து வீச்சாளர்கள் பக்கத்தில் நின்றால் தோளுக்கு வருவார். ஆனால் ஓடி வருகிற விதம் அவ்வளவு சீராக இருக்குமாம், காலடிச் சத்தம் கூடக் கேட்காதாம். கடைசி நொடியில் கை சுழலும். பந்தின் வேகம் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அன்றைக்கு ஹெல்மெட் கிடையாது. மார்புக் கவசம் கிடையாது. தலையில் ஒரு துணித் தொப்பி, அவ்வளவுதான்.

நீங்க பேஸ்பால் பார்க்கிறவராக இருந்தால் இந்தப் பயம் உங்களுக்குப் புரியும். அமெரிக்காவில் 1920 ஆகஸ்டில் கார்ல் மேஸ் என்ற பிட்சர் எறிந்த பந்து, கிளீவ்லண்ட் அணியின் ரே சாப்மன் தலையில் பட்டது. மறுநாள் காலையில் சாப்மன் இறந்து போனார். பந்து என்பது விளையாட்டுப் பொருள்தான். ஆனால் எறிகிறவர் கையைப் பொறுத்து அது வேறு பொருளாக மாறும்.

ஜென்டில்மேனும் கூலிக்காரரும்

இங்கே கொஞ்சம் நிற்கணும். ஏன்னா, இது புரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

அந்தக் கால இங்கிலாந்து கிரிக்கெட்டில் இரண்டு சாதி. அமெச்சூர்கள் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், பெரிய பள்ளியில் படித்தவர்கள், சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர்கள். புரொஃபெஷனல்கள் என்றால் கூலிக்கு ஆடுகிறவர்கள். ஒரே அணிதான். ஆனால் உடை மாற்றும் அறை வேறு. பல திடல்களில் மைதானத்துக்குள் வரும் வாசலும் வேறு. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், புரொஃபெஷனலுக்குப் பின்னால். கேப்டன் பதவி இங்கிலாந்து அணியில் அமெச்சூருக்குத்தான். இந்தப் பாகுபாடு 1962 நவம்பரில்தான் ஒழிந்தது.

கிளப் வாசலில் துரைக்கு ஒரு வழி, கிராணிக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு வழியே இல்லை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீங்க. அதைச் செய்தவர்கள் அந்தப் பழக்கத்தை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று இப்போது தெரிகிறதா? தங்கள் சொந்த ஊரில், தங்கள் சொந்த இனத்துத் தொழிலாளிகளிடமும் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஈப்போ பாடாங் ஓரமாக ராயல் ஈப்போ கிளப்பைத் தாண்டிப் போகும்போது எனக்கு இந்த நினைப்பு வரும்.

லார்வுட் கூலிக்காரர். அவருடைய கேப்டன் டக்ளஸ் ஜார்டின் ஜென்டில்மேன். ஜார்டின் பிறந்தது பம்பாயில், 1900இல். அப்பா அங்கே பெரிய வழக்கறிஞர்.

பிராட்மேன் என்ற பிரச்சினை

1930இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. 21 வயது டான் பிராட்மேன் ஐந்து டெஸ்டில் 974 ரன் எடுத்தார். லீட்சில் மட்டும் 334. ஒரே தொடரில் அவ்வளவு ரன் அதற்குப் பிறகும் யாரும் எடுக்கவில்லை. லார்வுட்டுக்கு அந்தத் தொடரில் கிடைத்தது நாலே விக்கெட்.

அடுத்த தொடர் 1932 கடைசியில், ஆஸ்திரேலியாவில். பிராட்மேனை என்ன செய்வது? 1932 ஆகஸ்டில் லண்டன் பிக்கடிலி ஹோட்டலில் ஒரு இரவு விருந்து. ஜார்டின், நாட்டிங்ஹாம்ஷையர் கேப்டன் ஆர்தர் கார், லார்வுட், அவருடைய கூட்டாளி பில் வோஸ். வோஸும் சுரங்க ஊர்க்காரர்தான். லெக் ஸ்டம்பைக் குறி வைத்து, குத்தி எழும்புகிற பந்தை விடாமல் போட முடியுமா என்று ஜார்டின் கேட்டார். முடியும் என்றார் லார்வுட். ஓவல் திடலில் நனைந்த ஆடுகளத்தில் எழும்பிய பந்துக்குப் பிராட்மேன் கொஞ்சம் பின்வாங்கியதை அவரும் கவனித்து வைத்திருந்தார்.

திட்டம் இதுதான். பந்து பாதித் தூரத்தில் குத்தி, ஆடுகிறவரின் விலாவுக்கும் மார்புக்கும் தலைக்கும் வரும். லெக் பக்கம் ஐந்தாறு பேர் கிட்டே சுற்றி நிற்பார்கள். ஆடுகிறவருக்கு மூன்றே வழி. மட்டையை வைத்துத் தடுத்தால் பக்கத்தில் நிற்பவர் கையில் கேட்ச். தூக்கி அடித்தால் எல்லைக் கோட்டருகே நிற்பவர் கையில் கேட்ச். ரெண்டும் வேண்டாம் என்றால் உடம்பில் வாங்கணும்.

அன்றைய விதிப்படி இதில் தப்பே இல்லை. இங்கிலாந்து இதை லெக் தியரி என்றது. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் வைத்த பெயர் பாடிலைன். அதுதான் நிலைத்தது.

அடிலெய்டில் நடந்தது என்ன?

சிட்னியில் முதல் டெஸ்ட். லார்வுட் இரண்டு இன்னிங்சிலும் ஐந்து ஐந்து விக்கெட். இங்கிலாந்து அணியில் ஓர் இந்தியரும் இருந்தார், பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கான். நடிகர் சைஃப் அலி கானின் தாத்தா. முதல் டெஸ்டிலேயே 102 ரன் அடித்தார். ஆனால் லெக் பக்கம் கூட்டமாக நிற்கிற இடத்தில் போய் நிற்க அவர் மறுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டாவது டெஸ்டுக்குப் பிறகு அந்தத் தொடரில் அவருக்கு இடமில்லை.

1933 ஜனவரி 14, அடிலெய்டில் மூன்றாவது டெஸ்டின் இரண்டாவது நாள். திடலில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். லார்வுட் போட்ட பந்து ஆஸ்திரேலியக் கேப்டன் பில் உட்ஃபுல்லின் நெஞ்சில், இதயத்துக்கு மேலே பட்டது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அந்தப் பந்து பாடிலைன் பந்து இல்லை, ஆட்கள் அப்போது வழக்கமான இடங்களில்தான் நின்றார்கள். பிரச்சினை அதற்குப் பிறகு. அடிபட்டவர் மறுபடி தயாரானதும், லார்வுட்டின் அடுத்த ஓவரில் ஜார்டின் ஆட்களை லெக் பக்கம் நகர்த்திப் பாடிலைனுக்கு மாற்றினார். கூட்டம் கொதித்துப் போனது.

இரண்டு நாள் கழித்து விக்கெட் கீப்பர் பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் லார்வுட் பந்தைத் திருப்பி அடிக்கப் போனார். மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து தலைக்கு ஏறியது. மண்டையோட்டில் விரிசல். அதுவும் பாடிலைன் பந்து இல்லை, தன் தவறுதான் என்று ஓல்ட்ஃபீல்டே ஒத்துக்கொண்டார். ஆனால் கூட்டத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. வேலி தாண்டி வந்துவிடுவார்களோ என்று இங்கிலாந்து வீரர்கள் பயந்தார்கள். குதிரைப் போலீஸ் தயாராக நின்றது.

இந்த ஓல்ட்ஃபீல்ட் நம்ம நாட்டுக்கும் வந்து போனவர், தெரியுமா? 1927இல் மலாயாவுக்கு ஆட வந்த ஆஸ்திரேலிய அணியில் இருந்தார். கோலாலம்பூரில் அகில மலாயா அணி அவர்களைத் தோற்கடித்தது. நம்பக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை.

உடை மாற்றும் அறையில் இங்கிலாந்து அணி மேலாளரிடம் உட்ஃபுல் சொன்ன கசப்பான வார்த்தைகள் வெளியே கசிந்தன. யார் கசிய விட்டது என்பதில் ஃபிங்கிள்டனும் பிராட்மேனும் சாகும்வரை ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். ஆஸ்திரேலிய வாரியம் லண்டனுக்குத் தந்தி அடித்தது. இங்கிலாந்து ஆடுவது விளையாட்டுக்கு அழகல்ல என்பது அதன் சாரம். லண்டனில் கிரிக்கெட்டை ஆண்ட எம்சிசி கோபித்துக்கொண்டது. அரசாங்கங்கள் உள்ளே வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

இங்கிலாந்து 4க்கு 1 என்று தொடரை வென்றது. லார்வுட் எடுத்தது 33 விக்கெட். பிராட்மேனை நாலு தடவை வீழ்த்தினார். வாழ்நாள் முழுவதும் சராசரி 99.94 வைத்திருந்த பிராட்மேனுக்கு அந்தத் தொடரில் 56.57தான்.

சரி, லார்வுட் அப்பாவியா? அப்படி எழுதினால் நான் பொய் சொன்னதாகும். ஆட வருகிறவரைப் பயமுறுத்தணும் என்றுதான் அவர் பந்து போட்டார். அதைப் பிற்காலத்தில் மறைத்ததும் இல்லை. யாரையும் காயப்படுத்தணும் என்று நினைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. விலாவில் அடி வாங்குகிறவருக்கு அந்தக் கோடு தெரியாது.

கடைசி டெஸ்டு சிட்னியில். அங்கே ஒரு வேடிக்கை. லார்வுட் மட்டை பிடித்து 98 ரன் அடித்துவிட்டார். இரண்டு ரன்னில் நூறு போனது. கேட்ச் பிடித்தவர் பெர்ட் அயர்ன்மங்கர், கேட்ச் விடுவதற்கே பேர் போனவர்! இரண்டு மாதமாகத் திட்டித் தீர்த்த அதே ஆஸ்திரேலியக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அதே ஆட்டத்தில் பந்து போடும்போது லார்வுட்டின் இடது பாதத்தில் ஓர் எலும்பு உடைந்தது. நடக்கவே முடியவில்லை. வெளியே போக அனுமதி கேட்டார். பிராட்மேன் களத்தில் இருக்கும்வரை நீ போகக் கூடாது, உன்னை அவன் பார்த்துக்கொண்டே இருக்கணும் என்பதுதான் ஜார்டினின் முடிவு. ஒரு காலில் நின்றார். பிராட்மேன் அவுட் ஆனதும் அனுமதி கிடைத்தது. இரண்டு பேரும் ஒன்றாகத் திடலை விட்டு நடந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். டெஸ்ட் கிரிக்கெட்டில் லார்வுட் பந்து போட்டது அதுதான் கடைசி. வயது 28.

மன்னிப்புக் கடிதம்

ஊர் திரும்பியபோது லார்வுட்டுக்குப் பெரிய வரவேற்பு. ஜார்டின் அவருக்கு ஒரு வெள்ளிச் சாம்பல் கிண்ணம் பரிசளித்தார். ஆஷஸ் என்றால் சாம்பல் அல்லவா, அதற்குப் பொருத்தமாக. நன்றியுள்ள கேப்டனிடமிருந்து என்று அதில் பொறித்திருந்தது.

ஆனால் காற்று திரும்பிக்கொண்டிருந்தது. 1933 கோடையில் மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைனும் மேனி மார்ட்டின்டேலும் அதே பாணிப் பந்தை மான்செஸ்டரில் இங்கிலாந்துக்கே திருப்பிப் போட்டார்கள். ஜார்டின் அடிகளை வாங்கிக்கொண்டு 127 ரன் எடுத்தார், அதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனால் தங்கள் ஆள் உடம்பில் பந்து விழுவதைக் கண்ணால் பார்த்த இங்கிலாந்து ரசிகர்களுக்கு, ஆஸ்திரேலியா ஏன் கத்தியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

1934இல் ஆஸ்திரேலியா மறுபடி இங்கிலாந்துக்கு வர வேண்டும். வராமல் போனால் நஷ்டம், அவமானம். யாராவது ஒருவர் தணிந்து போகணும். யாரைத் தணிய வைப்பது?

எம்சிசிக்கு ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்படி லார்வுட்டிடம் கேட்டவர் அவருடைய மாவட்ட கிளப்பின் தலைவரான சர் ஜூலியன் கான். கையெழுத்துப் போட்டால் மறுபடி இங்கிலாந்துக்கு ஆடலாம். லார்வுட் மறுத்துவிட்டார். கேப்டன் சொன்னபடி பந்து போட்டேன், இதில் நான் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. 1934 ஜூனில் ஒரு ஞாயிறு பத்திரிகையில், இனி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட மாட்டேன் என்று அவர் பெயரில் கட்டுரையும் வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

இப்போது மூன்று விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

திட்டம் போட்ட ஜார்டின், பாடிலைன் முடிந்த அடுத்த குளிர்காலத்திலேயே கேப்டனாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் முதல் முதலாக நடந்த டெஸ்டில் இங்கிலாந்துக் கேப்டன் அவர்தான். அந்த ஆட்டத்திலும் நவ்மல் ஜாவ்மல் என்ற இந்திய வீரருக்கு முகத்தில் பந்து பட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடும் எண்ணம் இல்லை என்று ஜார்டின் தானாகவே அறிவித்து ஒதுங்கிக்கொண்டார். அவரிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் நீட்டவில்லை.

அதே அணியில் கப்பி ஆலன் என்று இன்னொரு வேகப்பந்து வீச்சாளர். ஜார்டின் கேட்டும் பாடிலைன் போட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு இங்கிலாந்துக் கேப்டன், தேர்வாளர், சர் பட்டம் எல்லாம் வந்தது. ஆலன் அமெச்சூர். முடியாது என்று சொல்ல அவரால் முடிந்தது.

லார்வுட்டால் முடிந்திருக்குமா? முடியாது என்றால் அடுத்த கப்பலில் ஊருக்கு, அங்கிருந்து மறுபடி சுரங்கத்துக்கு. மண்டோர் நாளைக்கு எந்த நிரை உனக்கு என்று சொல்லும்போது எதிர்த்துப் பேசுவது எப்படி என்று நம்ம பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனாலும் இந்த மனிதர் ஓர் இடத்தில் முடியாது என்று சொன்னார், கையெழுத்துக் கேட்டபோது. அதற்கு அவர் கொடுத்த விலை, மீதி டெஸ்ட் வாழ்க்கை முழுவதும். 21 டெஸ்ட், 78 விக்கெட், அதோடு சரி. மாவட்ட அணிக்கு மட்டும் 1938 வரை ஆடினார். 1936இல் கூட இங்கிலாந்து முழுவதிலும் பந்துவீச்சு சராசரியில் முதலிடம் அவருக்குத்தான். உடைந்த பாதம் பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை என்பதையும் மறந்துவிடாதீங்க.

விதிகளும் மாறின. ஆளை மிரட்டும் பந்தைத் தடுக்க நடுவர்களுக்கு 1935இல் அதிகாரம் வந்தது. லெக் பக்கம் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி 1957இல் வந்தது. நீங்க இன்று டிவியில் பார்க்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த விதி இருக்கிறது.

அடித்தவனைத் தேடி வந்த அடிபட்டவர்கள்

இப்போது பிளாக்பூல் கடைக்குத் திரும்புவோம். போருக்குப் பிறகு, 1946இல், சேமிப்பைப் போட்டு லார்வுட் வாங்கிய கடை அது. வியாபாரம் சுமார். கிரிக்கெட் பேச்சு வேண்டாம், தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டாம் என்று இருந்தார்.

ஃபிங்கிள்டன் அங்கே பார்த்தது ஒதுங்கி வாழ்கிற, தன் நாட்டின் மேல் கசந்துபோன ஒரு மனிதரை. பேச்சோடு பேச்சாக ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுவது பற்றி வந்தது. யோசித்துப் பாருங்க, பந்தால் அடித்தவரைத் தன் நாட்டுக்கு வந்து வாழும்படி கூப்பிடுகிறார் அடிபட்டவர். ஊர் திரும்பி வேலை பார்த்ததும் ஃபிங்கிள்டன்தான். அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் பென் சிஃப்லியிடம் பேசினார். சிஃப்லி ஒரு காலத்தில் ரயில் எஞ்சின் ஓட்டியவர். சுரங்கக்காரரின் நிலைமையை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

1949இல் எம்சிசி பழைய புரொஃபெஷனல்கள் 26 பேருக்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது. லார்வுட் பெயரும் அதில் இருந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, உறுப்பினர் அட்டை மட்டும் வந்தது.

1950இல் மனைவி லோயிஸ், ஐந்து மகள்களோடு கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் ஒரோண்டெஸ். 1932இல் பாடிலைன் அணியை ஏற்றிக்கொண்டு போன அதே கப்பல்!

சிட்னியில் இறங்கியபோது எப்படி நடத்துவார்களோ என்று பயம் இருந்திருக்கும். நடந்தது வேறு. தங்க ஒரு ஹோட்டல் ஏற்பாடாகி இருந்தது, வாடகையும் ரொம்பக் குறைவு. மீதிப் பணத்தைச் சிஃப்லி தன் கையிலிருந்து கொடுத்தார் என்பது லார்வுட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சிஃப்லி தேர்தலில் தோற்றுப் பதவியை விட்டிருந்தார். இரண்டு பேரும் சந்தித்தபோது ஒரு சின்னச் சிக்கல் வந்தது. இரண்டு பேரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். லார்வுட்டின் சுரங்க ஊர்ப் பேச்சு சிஃப்லிக்குப் புரியவில்லை. நடுவில் ஃபிங்கிள்டன் உட்கார்ந்து ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

குளிர்பான நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சிட்னியின் கிங்ஸ்ஃபோர்ட் பகுதியில் ஒரு சின்ன வீடு. தெருவில் அவரைப் பார்ப்பவர்களுக்கு ஆங்கில வாடை அடிக்கும் பேச்சோடு ஒரு சாதாரண அங்கிள், அவ்வளவுதான். தன் பந்தில் மண்டை உடைந்த ஓல்ட்ஃபீல்டும் அதே ஊரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் நண்பர்கள் ஆனார்கள்.

எல்லாரிடமும் அப்படி இல்லை. பிராட்மேனோடு கடைசிவரை ஒரு தூரம் இருந்தது. 1984இல் பாடிலைன் பற்றி ஆஸ்திரேலியாவில் ஒரு டிவி நாடகத் தொடர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, எண்பது வயதை நெருங்கிய மனிதருக்குத் தொலைபேசியில் திட்டு. அடிலெய்டில் நடந்தபோது பிறந்தே இருக்காதவர்களும் அதில் இருந்திருப்பார்கள். சோஷியல் மீடியா இல்லாத காலம், ஆனால் பழக்கம் பழசுதான் போல.

பழைய ஆட்டக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கிங்ஸ்ஃபோர்ட் வீட்டைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். உலகத்தின் வேகமான பந்துவீச்சாளரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பவர் தடிமனான கண்ணாடி போட்ட, குள்ளமான, மெதுவாகப் பேசுகிற தாத்தா. பலரும் முதலில் திகைத்துப் போனதாக எழுதியிருக்கிறார்கள். ஜார்டின் கொடுத்த வெள்ளிச் சாம்பல் கிண்ணம் அந்த வீட்டில் பத்திரமாக இருந்தது. ஜார்டினைப் பற்றி லார்வுட் கடைசிவரை ஒரு குறையும் சொல்லவில்லை. அது விசுவாசமா, இல்லை சிறு வயதிலிருந்து பழகிய அடக்கமா என்று எனக்கு இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

1993இல், 88 வயதில், கிரிக்கெட்டுக்குச் செய்த சேவைக்காக எம்பிஇ என்ற பிரிட்டிஷ் விருது கொடுத்தார்கள். பாடிலைன் நடந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது. கண் பார்வை பெரும்பாலும் போயிருந்தது.

1995 ஜூலை 22 அன்று சிட்னியில் இறந்தார். வயது 90. சுரங்கத்தில் கழித்ததைவிட, இங்கிலாந்துக்கு ஆடியதைவிட, தன்னை வெறுத்த நாட்டில் வாழ்ந்த வருஷங்கள்தான் அதிகம், நாற்பத்தைந்து.